ரெஸ்ட்ரிக்ஷன் நொதிகள்: டைப் 1 முதல் டைப் 4 வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு டி.என்.ஏ. வெட்டச் சொல்லிக்கொடுத்தே எனக்கு அவர்கள் கேட்கப்போகும் சந்தேகங்கள் மனப்பாடமாகிவிட்டன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே வைத்திருக்கிறேன். நொதிகளின் பெயர்களை வாயால் சொல்வதுபோல எழுதியிருக்கிறேன். கடைசியில் வரும் எண், குப்பியின் லேபிளில் ரோம எண்ணாக இருக்கும். டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளால் ஆன இரண்டு எதிரெதிர் இழைகள்; ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி எனச் சேரும் இரண்டு எழுத்து ஓர் இணை. ஓர் இழையின் இரு முனைகளுக்கு 5-பிரைம், 3-பிரைம் என்று பெயர்; வரிசைகள் எல்லாம் 5-பிரைம் முனையிலிருந்து 3-பிரைம் முனை நோக்கி.

ரெஸ்ட்ரிக்ஷன் என்சைம்னா டி.என்.ஏ.வை வெட்டுற கத்தரிக்கோல்னு தெரியும். பாக்டீரியாவுக்கு எதுக்கு அந்தக் கத்தரிக்கோல்?

வைரஸை வெட்ட. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களுக்கு ஃபேஜ் என்று பெயர். ஃபேஜ் தன் டி.என்.ஏ.வை உள்ளே செலுத்தியதும், பெருகுவதற்குள் அதைத் துண்டாக்குவதுதான் இந்த நொதிகளின் பிழைப்பு. நம் சோதனைக்குழாய்க்காக அவை உருவாகவில்லை. இதை மறந்தால் நான்கு வகைகளும் வெறும் மனப்பாட அட்டவணையாகத்தான் தெரியும்.

பெயரும் அங்கிருந்தே வந்தது. லாம்டா ஃபேஜை ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவின் 'சி' ரகத்தில் வளர்த்து 'கே' ரகத்தின் மேல் விட்டால், ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒன்றுதான் தப்பிப் பெருகும். தப்பியதன் வாரிசுகளை மறுபடி 'கே' மேல் விட்டால் தாராளமாக வளரும். பாக்டீரியா ஃபேஜின் வளர்ச்சியை ரெஸ்ட்ரிக்ட் செய்கிறது, அவ்வளவுதான். தடைக்கட்டு நொதி என்று தமிழில் எழுதுவதும் இந்தப் பொருளில்தான்.

அப்போ பாக்டீரியாவோட சொந்த டி.என்.ஏ.வை ஏன் வெட்டுறதில்ல?

அதில் அடையாளம் போட்டிருக்கிறது. நொதி எந்த வரிசையைத் தேடுகிறதோ, அதே வரிசையில் ஓர் ஏ-யின் மேலோ சி-யின் மேலோ ஒரு சிறிய மெத்தில் தொகுதியை ஒட்டிவைக்க இன்னொரு நொதி இருக்கிறது. அதன் பெயர் மெத்திலேஸ். மெத்தில் இருந்தால் நம் ஆள், இல்லையென்றால் அந்நியன். மேலே 'கே' ரகத்தில் தப்பிப் பிழைத்த ஃபேஜுக்கு நடந்ததும் இதுதான்: வெட்டுப்படுவதற்கு முன் மெத்தில் ஒட்டிக்கொண்டது. அதன் மரபு வரிசையில் எந்த மாற்றமும் இல்லை. அதையே ஒருமுறை 'சி'யில் வளர்த்தால் அடையாளம் போய்விடும், மறுபடி 'கே'யிடம் அடிவாங்கும்.

டி.என்.ஏ. இரட்டிக்கும்போது பழைய இழையில் மெத்தில் இருக்கும், புது இழையில் இருக்காது. இந்தப் பாதி அடையாளமே பெரும்பாலான நொதிகளைத் தடுத்து நிறுத்தப் போதும். அதற்குள் மெத்திலேஸ் வந்து மறு பாதியை நிரப்பிவிடும். இந்தப் பாதி அடையாளத்தை நினைவில் வையுங்கள். டைப் 3-க்கு வரும்போது இதுவே ஒரு புதிராகும்.

மொத்தம் எத்தனை டைப்? எதை வச்சுப் பிரிக்கிறாங்க?

நான்கு. புத்தகங்களில் பத்து வரி அட்டவணை இருக்கும். நான் மூன்றே கேள்விகள் கேட்பேன். வரிசையைப் படிக்கும் இடத்துக்கும் வெட்டும் இடத்துக்கும் எவ்வளவு தூரம்? வெட்டுவதும் மெத்தில் போடுவதும் ஒரே புரதக் கூட்டமா, தனித்தனி ஆட்களா? மெத்தில் இருந்தால் விலகிப்போகுமா, அல்லது மெத்தில் இருப்பதைத்தான் வெட்டுமா?

டைப் 1 ஒரே கூட்டம், வெட்டு எங்கோ தொலைவில். டைப் 2-இல் பொதுவாகத் தனித்தனி ஆட்கள், வெட்டு படித்த இடத்திலேயே அல்லது குறிப்பிட்ட சில எழுத்துகள் தள்ளி. டைப் 3 மறுபடி கூட்டம், வெட்டு 25 முதல் 27 இணை தள்ளி. டைப் 4 மட்டும் எதிர்க்கட்சி: அடையாளம் இருப்பதைத்தான் வெட்டும்.

ஈக்கோ-ஆர்-1 பேர்ல 1 இருக்கே, அது டைப் 1 தானே?

இல்லை. அது டைப் 2. இந்தக் குழப்பத்தில் விழாத மாணவரை நான் பார்த்ததே இல்லை. எஷரிஷியா கோலை என்பதிலிருந்து 'ஈக்கோ', ஆர்ஒய்13 என்ற ரகத்திலிருந்து 'ஆர்', அந்த ரகத்தில் கண்டெடுத்த முதல் நொதி என்பதால் '1'. ஈக்கோ-ஆர்-5 ஐந்தாம் வகை அல்ல, ஹின்ட்-3 மூன்றாம் வகையும் அல்ல. எல்லாமே டைப் 2. பெயரிலுள்ள எண்ணுக்கும் டைப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

டைப் 1 எப்படி வேலை செய்யுது? ஏன் யாரும் அதை வாங்கி வெட்டுறதில்ல?

ஈக்கோ-கே-1-ஐ எடுத்துக்கொள்வோம். மூன்று விதமான அலகுகள் சேர்ந்த பெரிய கூட்டம் அது: வரிசையைப் படிக்க ஒன்று, மெத்தில் போட இரண்டு, வெட்ட இரண்டு. அது தேடும் வரிசை இரண்டு துண்டாக இருக்கும். முதலில் ஏஏசி, நடுவில் எதுவாகவும் இருக்கலாம் என்ற ஆறு எழுத்து, பிறகு ஜிடிஜிசி. அங்கே உட்கார்ந்து பார்க்கும். இரண்டு இழையிலும் மெத்தில் இருந்தால் விட்டுவிடும், ஓர் இழையில் மட்டும் இருந்தால் மறு இழையிலும் போடும், இரண்டிலும் இல்லையென்றால் வெட்டும் வேலையைத் தொடங்கும்.

அந்த வேலைதான் விசித்திரம். நொதி உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராது. கிணற்றிலிருந்து கயிறு இழுப்பதுபோல இரண்டு பக்கத்து டி.என்.ஏ.வையும் தன்னை நோக்கி இழுக்கும், வினாடிக்குச் சில நூறு இணை வேகத்தில். இதற்குச் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. ஏராளமாகச் செலவாகும். இழுவை எங்கே தடைப்படுகிறதோ, உதாரணமாக எதிரே இன்னொரு நொதி இழுத்துக்கொண்டு வந்து முட்டினால், அங்கே வெட்டு விழும். அது படித்த இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான இணை தள்ளியும் இருக்கலாம். ஒவ்வொரு மூலக்கூறிலும் வெட்டு வேறு இடத்தில் விழுவதால் துண்டுகளை நீளப்படி பிரிக்கும் ஜெல்லில் பட்டை தெரியாது, இழுவிப்போன கறைதான் தெரியும். ஃபேஜைக் கொல்ல அது போதும். நமக்குத்தான் போதாது.

முதல்ல கண்டுபிடிச்சது எது? டைப் 2-ன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?

நொதியாகத் தனியே பிரித்தெடுத்ததில் முதலிடம் டைப் 1-க்கு. 1960-களில் வெர்னர் ஆர்பர் ஜெனீவாவில், வெட்டும் நொதியும் மெத்தில் அடையாளமும் சேர்ந்த ஏற்பாடு இது என்ற கருத்தை உருவாக்கினார். 1968-இல் மெசல்சனும் யுவானும் 'கே' ரகத்து நொதியைப் பிரித்தெடுத்தார்கள். வெட்டு எங்கே விழும் என்று சொல்ல முடியாததால் கருவியாக அது யாருக்கும் பயன்படவில்லை.

1970-இல் ஹாமில்டன் ஸ்மித்தும் அவர் குழுவினரும் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளூயன்சா பாக்டீரியாவில் ஹின்ட்-2 நொதியைக் கண்டபோதுதான் குறிப்பிட்ட வரிசையிலேயே வெட்டும் நொதி கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே டேனியல் நேதன்ஸும் கேத்லீன் டானாவும் எஸ்வி40 வைரஸ் டி.என்.ஏ.வை 11 துண்டுகளாக வெட்டி ஜெல்லில் பிரித்துக் காட்டினார்கள். ஆர்பர், ஸ்மித், நேதன்ஸ் மூவருக்கும் 1978-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

வேடிக்கை ஒன்று உண்டு. 1952-இல் லூரியாவும் மேரி ஹியூமனும் பார்த்த, இந்தத் துறையின் முதல் தடயம் என்று சொல்லப்படும் நிகழ்வு, பிற்பாடு டைப் 4-இன் வேலை என்று தெரியவந்தது. கடைசி எண் வாங்கியதுதான் முதலில் கண்ணில் பட்டிருக்கிறது.

டைப் 2 மட்டும் ஏன் இவ்வளவு பிரபலம்?

ஒழுங்கு. ஈக்கோ-ஆர்-1 ஜிஏஏடிடிசி என்ற வரிசையைப் பார்த்தால் முதல் ஜி-க்கு அடுத்துதான் வெட்டும், நூறு முறை கொடுத்தாலும் அங்கேதான். ஏ.டி.பி. கேட்காது, மெத்தில் போடும் வேலையும் அதனுடையதல்ல. மக்னீசியம் அயனி இருந்தால் போதும்.

அந்த வரிசையை ஒரு தாளில் எழுதி, கீழே எதிர் இழையையும் எழுதிப் பாருங்கள். எதிர் இழையை அதன் 5-பிரைம் முனையிலிருந்து படித்தாலும் ஜிஏஏடிடிசி என்றே வரும். இதைத்தான் பாலின்ட்ரோம் என்கிறோம். நொதி ஒரே மாதிரியான இரண்டு அலகுகள் சேர்ந்த ஜோடி. ஆளுக்கு ஓர் இழை. இரண்டும் தத்தம் ஜி-க்குப் பிறகு வெட்டுவதால் மேலே ஓர் இடத்திலும் கீழே நான்கு எழுத்து தள்ளியும் வெட்டு விழுகிறது. பிரித்தால் இரு துண்டிலும் ஏஏடிடி என்று நான்கு எழுத்து ஒற்றை இழையாக நீட்டிக்கொண்டிருக்கும். இதுதான் ஒட்டும் முனை. பி.எஸ்.டி-1 வெட்டினால் நீட்டம் 3-பிரைம் பக்கம் இருக்கும். ஈக்கோ-ஆர்-5 இரண்டு இழையையும் நேர்க்கு நேர் வெட்டுவதால் நீட்டமே இல்லை, மழுங்கிய முனை.

டைப் 2-ன்னா எல்லாமே பாலின்ட்ரோம் தானே?

பாடநூலைப் படித்தால் அப்படித்தான் தோன்றும். டைப் 2-க்குள்ளேயே கிளைகள் உண்டு. மிக முக்கியமானது டைப் 2-எஸ். ஃபோக்-1 என்ற நொதி ஜிஜிஏடிஜி என்று படிக்கும்; இது பாலின்ட்ரோம் அல்ல. படித்துவிட்டு ஒரு பக்கமாக, மேல் இழையில் 9 எழுத்தும் கீழ் இழையில் 13 எழுத்தும் தள்ளி வெட்டும். வெட்டு தள்ளி விழுகிறதே, இது டைப் 1 இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை, எவ்வளவு தள்ளி என்பது நிச்சயம். டைப் 2-க்கு அடையாளம் அந்த நிச்சயம்தான்.

இதன் அருமை டி.என்.ஏ. துண்டுகளைக் கோக்கும் கோல்டன் கேட் முறையில் தெரியும். பி.எஸ்.ஏ-1 ஜிஜிடிசிடிசி என்று படித்து மேலே 1, கீழே 5 எழுத்து தள்ளி வெட்டும். நீட்டமாக வரும் நான்கு எழுத்து நொதியின் வரிசையில் சேராதது; அது என்னவாக இருக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். நான்கு எழுத்தில் 256 விதம் இருப்பதால் பல துண்டுகளை ஒரே குழாயில், சரியான வரிசையில் கோக்க முடிகிறது. கோத்த பிறகு நொதி படிக்கும் இடமே அந்தத் துண்டில் இருக்காது, அதனால் மறுபடி வெட்டுப்படாது. வேறு கிளைகளில், படித்த இடத்தின் இரண்டு பக்கமும் வெட்டும் நொதிகளும், வெட்டுவதும் மெத்தில் போடுவதும் ஒரே புரதத்தில் அமைந்தவையும் இருக்கின்றன. கிளைகளின் பெயர் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

டைப் 3 இரண்டுக்கும் நடுவுல-ன்னு எழுதிட்டுப் போயிடலாமா?

எழுதலாம், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் சுவையான பகுதியைத் தவறவிடுவீர்கள். ஈக்கோ-பி-15-1 என்ற நொதி சிஏஜிசிஏஜி என்று படித்து 25 முதல் 27 இணை தள்ளி வெட்டும். ஏ.டி.பி. வேண்டும், ஆனால் டைப் 1 போலக் கொட்டித் தீர்க்காது. முக்கியமான நிபந்தனை: ஒரே டி.என்.ஏ.வில் இரண்டு இடங்கள் வேண்டும், அவை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இருக்க வேண்டும். ஒரே திசையில் எத்தனை இருந்தாலும் பெரும்பாலும் வெட்டாது. டி7 ஃபேஜின் டி.என்.ஏ.வில் இந்த நொதிக்கு 36 இடங்கள் உண்டு. எல்லாமே ஒரே திசை. ஆகவே அது தப்பித்துவிடுகிறது.

டைப் 3-ல ஒரு இழையில மட்டும்தான் மெத்தில் போடுமாமே? அப்போ இரட்டிச்சதும் சொந்த டி.என்.ஏ. மாட்டிக்காதா?

வந்த கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இது. சிஏஜிசிஏஜி என்பதன் எதிர் இழை சிடிஜிசிடிஜி. இதில் ஏ என்ற எழுத்தே இல்லை. இந்த நொதியின் மெத்தில் ஏ-யின் மேல்தான் உட்காரும்; ஆகவே ஓர் இழையில் மட்டுமே அடையாளம். டி.என்.ஏ. இரட்டித்ததும் ஒரு பிள்ளைக்கு அடையாளமுள்ள இழை போகும், மற்றதற்கு அந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது. இரண்டாம் கேள்வியில் சொன்ன பாதி அடையாளக் காப்பு இங்கே எடுபடாது.

மேலே சொன்ன எதிர்த்திசை நிபந்தனைதான் காப்பாற்றுகிறது. ஒரு பிள்ளை டி.என்.ஏ.வில் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது. பழைய இழையில் எழுதப்பட்ட சிஏஜிசிஏஜி எல்லாவற்றிலும் மெத்தில் இருக்கும். வெறுமையாக இருப்பவை புது இழையில் எழுதப்பட்டவை மட்டும். ஒரே இழையில் இருப்பதால் அவை எல்லாமே ஒரே திசையைப் பார்க்கும். எதிர்த்திசை ஜோடி அமையாது, வெட்டு விழாது, அதற்குள் மெத்திலும் வந்து சேர்ந்துவிடும். தாளில் இரண்டு கோடு போட்டு அம்புக்குறி வரைந்து பாருங்கள், சட்டென்று பிடிபடும்.

டைப் 4 மெத்தில் இருக்கறதை வெட்டுதுன்னா, சொந்த மெத்திலையும் வெட்டிடாதா?

தன் செல்லில் வழக்கமாகப் போடப்படும் மெத்திலை அது தேடுவதில்லை. ஈ. கோலையின் எம்.சி.ஆர்-பி.சி நொதிக்கு, ஏ அல்லது ஜி-யை அடுத்து வரும் மெத்தில் போட்ட சி வேண்டும். அப்படி இரண்டு இடங்கள் சுமார் 40 முதல் 3,000 இணை இடைவெளியில் வேண்டும். ஈ. கோலை தன் சி-யில் வழக்கமாக மெத்தில் போடும் இடத்தில் அதற்கு முன்னால் இருப்பது இன்னொரு சி. எனவே மோதல் இல்லை. இந்த நொதி ஏ.டி.பி.க்குப் பதிலாக அதேபோன்ற இன்னொரு எரிபொருளான ஜி.டி.பி.யைச் செலவழிக்கும்.

இப்படி ஒன்று எதற்கு? ஃபேஜுகள் சும்மா இருக்கவில்லை. டி4 போன்றவை தங்கள் சி எல்லாவற்றையும் ஹைட்ராக்சிமெத்தில் சி-யாக மாற்றிக்கொண்டு மற்ற நொதிகளுக்குத் தண்ணி காட்டின. அதைப் பிடிக்க டைப் 4. அதற்கும் மேல் அந்த ஃபேஜுகள் சர்க்கரையைப் பூசி மறைத்துக்கொண்டன. லூரியாவும் ஹியூமனும் பார்த்தது, சர்க்கரைப் பூச்சு இல்லாமல் வெளிவந்த ஃபேஜுகள் அடிவாங்கியதைத்தான்.

தாவர, பாலூட்டி டி.என்.ஏ.வில் மெத்தில் போட்ட சி நிறைய உண்டு. அதை நேரடியாக எடுத்து ஈ. கோலையில் குளோன் செய்ய (புகுத்திப் பெருக்க) வேண்டுமானால் எம்.சி.ஆர். நீக்கப்பட்ட ரகம் எடுங்கள். இல்லையென்றால் காலனி எண்ணிக்கை குறையும், காரணமும் புரியாது.

நாங்க டிஎச்5 ஆல்ஃபா-ங்கற ஈ. கோலை ரகத்துலதான் போடுறோம். அதுல டைப் 1 இருந்து, நாங்க உள்ளே விடுற சின்ன வட்ட டி.என்.ஏ.வான பிளாஸ்மிடை வெட்டிடாதா?

வெட்டாது. அது 'கே' வம்சம்தான், ஆனால் வெட்டும் அலகின் மரபணு கெட்டுப்போன ரகம். மெத்தில் போடும் பகுதி மட்டும் வேலை செய்கிறது. ரகத்தின் மரபுக் குறிப்பில் எச்.எஸ்.டி.ஆர் என்று இருப்பது இதைத்தான் சொல்கிறது. குழாயில் பிரதியெடுத்த பி.சி.ஆர். துண்டில் அடையாளமே இல்லாவிட்டாலும் அங்கே பிழைத்துக்கொள்ளும்.

ஆறெழுத்து நொதி எத்தனை இடத்துல வெட்டும்னு முன்னாடியே சொல்ல முடியுமா?

சராசரியாகச் சொல்லலாம். நான்கெழுத்து என்றால் 256 இணைக்கு ஒன்று, ஆறெழுத்து 4,096-க்கு ஒன்று, எட்டெழுத்து 65,536-க்கு ஒன்று. ஆனால் டி.என்.ஏ. சீட்டுக் குலுக்கிப் போட்டதல்ல. லாம்டா ஃபேஜின் 48,502 இணையில் ஈக்கோ-ஆர்-1 பன்னிரண்டு இடத்தில் வெட்ட வேண்டும். வெட்டுவது ஐந்தே இடத்தில். டி7-இல் அதற்கு ஓர் இடம்கூடக் கிடையாது. வரிசை கையில் இருந்தால் கணினியில் தேடிவிடுங்கள், கணக்கை நம்பாதீர்கள்.

வரிசை சரியா இருக்கு, நொதியும் புதுசு. ஆனா பிளாஸ்மிட் வெட்டவே மாட்டேங்குது. ஏன்?

முதலில் மெத்திலைச் சந்தேகப்படுங்கள். வழக்கமான ஈ. கோலை ரகங்களில் டாம் என்ற மெத்திலேஸ் ஜிஏடிசி என்ற இடத்தில் எல்லாம் ஏ-யின் மேல் மெத்தில் போடும். பி.சி.எல்-1 படிக்கும் டிஜிஏடிசிஏ-வுக்குள் ஜிஏடிசி ஒளிந்திருக்கிறது. நான் இரண்டு நாள், மூன்று குப்பி நொதி வீணாக்கிய பிறகுதான் இதைப் பார்த்தேன். பிளாஸ்மிடை டாம் இல்லாத ரகத்தில் வளர்த்து எடுத்ததும் ஒரு மணி நேரத்தில் வெட்டியது. பாம்-எச்-1-இன் வரிசையிலும் ஜிஏடிசி உண்டு, ஆனால் அந்த நொதி டாம் மெத்திலைக் கண்டுகொள்ளாது. எக்ஸ்.பி.ஏ-1 இன்னும் நயவஞ்சகம்: டிசிடிஏஜிஏ என்ற அதன் வரிசையில் ஜிஏடிசி இல்லை, ஆனால் அடுத்து டிசி வந்துவிட்டால் ஜிஏடிசி உருவாகி அந்த ஓர் இடம் மட்டும் வெட்டுப்படாது.

பி.சி.ஆர். துண்டாக இருந்தால் காரணம் வேறு. வரிசை துண்டின் ஓரத்தோடு ஓரமாக இருந்தால் நொதிக்குப் பிடிமானம் கிடைக்காது. பிரதியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு இழையான பிரைமரின் 5-பிரைம் முனையில் கூடுதலாகச் சில எழுத்துகள் சேருங்கள்.

இதுக்கு நேர் எதிரா, தேவையில்லாத இடத்துலயும் வெட்டுது. நொதி கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. ஸ்டார் செயல்பாடு என்பார்கள். சூழல் பிசகினால் ஈக்கோ-ஆர்-1 நடுவிலுள்ள ஏஏடிடி-யை மட்டும் பார்த்தே வெட்டத் தொடங்கும். உப்பு குறைவு, பி.எச். அதிகம், மக்னீசியத்துக்குப் பதில் மாங்கனீஸ், கிளிசரால் அதிகம் என்று காரணம் பல. நொதி பொதுவாக 50 சதவீதக் கிளிசராலில் வரும். அதனால் நொதியின் அளவு மொத்தக் கலவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். கிளிசரால் 5 சதவீதத்துக்குள் நிற்கும்.

மரபணுத் திருத்தத்துல வர்ற காஸ்-9 கூடத்தான் வெட்டுது. அது எந்த டைப்?

அதையும் ஐந்தாவது டைப் ஆக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஃபேஜை எதிர்க்கும் வேலை ஒன்றுதான் என்பதால் அதில் நியாயமும் இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. மேலே பார்த்த நொதிகள் எல்லாம் வரிசையைப் புரதத்தாலேயே படிக்கின்றன, எதைப் படிக்கும் என்பது அந்தப் புரதத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. காஸ்-9 எங்கே வெட்ட வேண்டும் என்பதை ஓர் ஆர்.என்.ஏ. சொல்கிறது. ஆர்.என்.ஏ.வை மாற்றினால் இடமும் மாறும்.

டி.பி.என்-1 மெத்தில் இருந்தாத்தான் வெட்டுமாம். அப்போ அது டைப் 4 தானே?

நல்ல பொறி. டைப் 4 மெத்திலைத் தேடும், ஆனால் வெட்டு துல்லியமாக ஓர் இடத்தில் விழாது. டி.பி.என்-1 மெத்தில் போட்ட ஜிஏடிசி-யின் நட்டநடுவே, ஏ-க்கும் டி-க்கும் இடையில் வெட்டும், எப்போதும் அங்கேயே. ஃபோக்-1-க்குச் சொன்ன அதே நிச்சயம் என்பதால் இதையும் டைப் 2-இல் ஒரு கிளையாகத்தான் வைக்கிறார்கள். இதே ஜிஏடிசி-யை எம்.போ-1 மெத்தில் இல்லாதபோது மட்டும் வெட்டும், சாவ்-3-ஏ-1 டாம் மெத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெட்டும். ஒரு பிளாஸ்மிடில் டாம் மெத்தில் இருக்கிறதா என்று பார்க்க, மூன்றையும் மூன்று குழாயில் போட்டு ஜெல் ஓட்டினால் போதும்.

பி.சி.ஆர். மூலம் பிளாஸ்மிடில் ஒரு எழுத்தை மாற்றும்போது கடைசியில் டி.பி.என்-1 சேர்க்கச் சொல்வதும் இதனால்தான். பாக்டீரியாவிலிருந்து எடுத்த பழைய பிளாஸ்மிடில் டாம் மெத்தில் இருக்கும், அது துண்டு துண்டாகும். குழாயில் உருவான புதிய பிரதியில் மெத்தில் கிடையாது. அது அப்படியே நிற்கும். பழைய பிளாஸ்மிடை டாம் இல்லாத ரகத்திலிருந்து எடுத்திருந்தால் மட்டும் இந்தத் தந்திரம் பலிக்காது.